அவசர சிகிச்சை டொக்டருக்குப் பயிற்சி ஒரே ஆஸ்பத்திரியிலா, நாலு ஆஸ்பத்திரியிலா?

படுவான்கரையான்:

அவசர மருத்துவத்தில் எம்.டி. என்ற நிபுணர் பட்டத்துக்கு பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) நடத்தும் தெரிவுப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருக்கும் ரெண்டு தம்பிமார் நேற்று என்னிடம் ஒரு விசயம் கேட்டார்கள். கிழக்கிலங்கையில் பயிற்சி எடுப்பதென்றால் முழுக்க மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே இருப்பது நல்லதா, இல்லை களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று சுற்றி வருவது நல்லதா? சுற்றி வாருங்கள் என்று உடனேயே சொல்லிவிட்டேன். இரவு படுத்துக்கிடந்து யோசித்தும் அதே பதில்தான் வந்தது. மறுப்பு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சி.ரி. ஸ்கேன் பக்கத்தில் இருக்கும், இரத்த வங்கி இருக்கும், கூப்பிட்டால் மயக்கமருந்து டொக்டர் வருவார். அங்கேயே பழகின கை, எம்.டி. முடித்து ஒரு ஆதார வைத்தியசாலைக்கு, அதாவது வசதி குறைந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு, நியமனம் கிடைத்து வந்ததும் தடுமாறிப்போகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேளாண்மை வெட்டு நேரம், வயலில் காலில் கடி வாங்கின ஒருவரைக் கொண்டுவந்தார்கள், பாம்பை யாரும் காணவில்லை. பெரிய இடத்தில் பழகி எங்களிடம் புதிதாக வந்திருந்த ஒரு டொக்டர், கெட்டிக்காரப் பிள்ளை, இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனைக்கு இரத்தத்தை எடுத்து கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயில் விட்டுவிட்டார். இருபது நிமிடத்தில் சரித்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) தான் என்று முடிவெடுத்து விஷமுறி மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் நர்ஸ் மிஸ் மெதுவாகக் கிட்டப் போய், "சேர், கண்ணாடியில விட்டுப் பாப்பமா?" என்று கேட்டு, சவர்க்காரம் படாமல் தனியாகக் கழுவிக் காயவைத்திருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். திரும்ப இருபது நிமிடம். குழாயைத் தலைகீழாகப் பிடித்தும் இரத்தம் அசையவில்லை, வட்டிலப்பம் மாதிரி உறைந்து நின்றது. இந்தச் சோதனையில் இரத்தம் உறைவதற்குக் கண்ணாடிச் சுவர் வேண்டும், பிளாஸ்டிக்கில் நம்ப முடியாது, சவர்க்காரம் ஒட்டியிருந்தாலும் பிழைக்கும். விஷமுறி மருந்துக்கு எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு ஒவ்வாமை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். தேவையில்லாமல் ஏற்றியிருந்தால் அந்த மனுசனை மருந்தாலேயே ஆபத்தில் தள்ளியிருப்போம். இது பெரிய ஆஸ்பத்திரியில் பழகி வராத பாடம்.

கல்லடிக்காரன்:

அண்ணன், மரியாதையோடுதான் மறுக்கிறேன். நான் அந்தச் சுற்றைச் சுற்றி முடித்தவன். பெயர்கள் வேண்டாம், மூன்று ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றிலும் முதல் மூன்று கிழமை எதில் போனது தெரியுமா? மருந்து அலுமாரித் திறப்பு யாரிடம், எக்ஸ்ரே அறை எந்த இலக்கம், இரவில் இரத்தம் கேட்க எந்தப் படிவம், தங்க அறை உண்டா இல்லையா, இதில்தான். எல்லாம் பிடிபட்டு ரிக்கற்றில் (நோயாளியின் குறிப்பேட்டில்) நான் எழுதுவதை மற்றவர்கள் நம்பத் தொடங்குகிற நேரம் அடுத்த இடத்துக்குக் கடிதம் வரும்.

அதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு இடத்தில் அவசர மருத்துவ நிபுணரே இல்லை. பயிற்சி என்று பெயர், செய்தது இரவுக் கடமைக்கு ஆள் நிரப்பியது. நெஞ்சுக்கூட்டில் குழாய் போடும்போது என் கை எங்கே பிழைக்கிறது என்று சொல்ல பக்கத்தில் ஒருவரும் இல்லை. நோயாளி தப்பினார், ஆனால் நான் சரியாகச் செய்ததாலா அதிர்ஷ்டத்தாலா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இது எனக்குள் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்ணாடிக் குழாய்க் கதை நல்ல கதை. ஆனால் அதை ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாமே, அதற்கு ஆறு மாதம் தேவையா? சுவாசக் குழாய் போடுவது அப்படியில்லை. திரும்பத் திரும்பச் செய்யவேண்டும், தெரிந்த ஒருவர் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வாய்ப்பு வருகிற இடத்தில் கை மறந்துபோகும். இன்னொன்று, 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது காயப்பட்டவர்களை, சின்னப் பிள்ளைகள் உட்பட, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஒரு நாளில், பக்கத்தில் நிற்கிறவர் யார், அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று முகம் பார்த்தே விளங்குகிற ஆட்கள் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஆளை மாற்றினால் அது எப்படி வரும்?

கல்முனை_மிஸ்:

ரெண்டு டொக்டர்மாரும் எழுதினதை வாசித்தேன். ஈ.ரி.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) நர்ஸாக எனக்கு 19 வருடம். உங்களுக்கு இது ஆறு மாதம், நாங்கள் அங்கேயே இருக்கிறவர்கள், அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

வருகிற பிள்ளைகளால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரித்து அனுப்புவதை எங்களுக்குப் பழக்கியது அப்படி வந்த ஒரு டொக்டர்தான். அதுக்கு முதல் வரிசையில் முன்னுக்கு நிற்கிறவர் முதல், அவ்வளவுதான், காய்ச்சல்காரர் முன்னால் இருக்க மாரடைப்புக்காரர் பின்னால் வியர்த்துக்கொண்டு இருப்பார்.

ஆனால் அவசர ட்ரொலி விசயம் ஒன்று இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் தங்கள் பழைய ஆஸ்பத்திரி மாதிரி லாச்சிகளை மாற்றி அடுக்குவார்கள். அவரவருக்கு அது நல்லது என்றுதான் செய்கிறார்கள். ஒரு இரவு, குளவி கொட்டின பிள்ளை ஒன்று, ஏழெட்டு வயது, உதடெல்லாம் வீங்கி மூச்சு இழுக்கிறது. அட்ரினலின் எடுக்க மேல் லாச்சியை இழுத்தேன், உள்ளே முழுக்க கனுலாவும் பிளாஸ்டரும். ரெண்டாவது, இல்லை. மூன்றாவதில் இருந்தது. சில நொடிதான், பிள்ளை நல்லாகி அடுத்த நாள் வீட்டுக்குப் போனது, ஆனால் அந்த லாச்சியை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த டொக்டரை நான் ஏசவில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு அடுக்கு இருந்தால் இது நடக்கத்தானே செய்யும்.

படுவான்கரையான்:

மிஸ் சொன்னதும் தம்பி சொன்னதும் உண்மை, எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் சொல்வது சுற்றுப் பயிற்சியை நடத்துகிற விதத்தில் உள்ள கோளாறு. அதை வைத்து சுற்றுப் பயிற்சியே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் அவசர மருத்துவப் பயிற்சி ஆறு வருடம். தொடக்கத்திலேயே அவசர பிரிவு, உள்மருத்துவம், மயக்கமருந்து, தீவிர சிகிச்சை என்று ஆறு ஆறு மாதம் மாற்றுகிறார்கள், பிறகும் ஒரு பிராந்தியத்துக்குள் பல ஆஸ்பத்திரிகளில் வேலை. தம்பி சொன்ன படிவத் தொல்லை அங்கேயும் இருந்ததுதான், அதனால் சில பிராந்தியங்களில் பயிற்சிக் காலம் முழுவதுக்கும் ஒரே நிறுவனம்தான் வேலைகொடுப்பவர், ஆஸ்பத்திரி மாறினாலும் சம்பளமும் ஒப்பந்தமும் மாறாது. இத்தனைக்கும் இந்தத் துறையே புதியது, உலகத்தில் முதலாவது முழுப் பயிற்சித் திட்டம் 1970இல்தான் அமெரிக்காவில் சின்சினாட்டியில் தொடங்கியது, இந்தியா தனித்துறையாக ஏற்றது 2009இல். எல்லா நாடும் நடத்திப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டு வருகிறது.

எங்கள் பக்கத்தையும் பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்தார்கள், இல்லாவிட்டால் சுற்றிப் போனார்கள். இப்போது பாலம் இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தால் அம்பியுலன்ஸ் வண்டியும் வருகிறது. ஆனாலும் யானை அடித்தவரை வெல்லாவெளிக்கு உள்ளே இருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற டொக்டருக்குத் தெரியாது. போனில் "ஏன் இவ்வளவு பிந்தி அனுப்பினீர்கள்?" என்று கேட்பார். இந்தப் பக்கத்தில் நாலு இரவு நின்றவர் அப்படிக் கேட்கமாட்டார், "குழாய் போட்டாச்சா, இரத்தம் ஆயத்தம் பண்ணட்டா?" என்று கேட்பார்.

அக்கரைப்பற்றான்:

நான் டொக்டர் இல்லை, கடை வைத்திருக்கிறேன். எங்கள் வாப்பாவின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுபஹுக்கு எழும்பினவர் "நெஞ்சு கரிக்குது மகன்" என்று சொன்னார். கொண்டு போனோம், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அன்றைக்கு நின்ற டொக்டருக்குத் தமிழ் சரியாக விளங்கவில்லை, நல்ல மனுசன்தான், பதறாமல்தான் கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிட்டார். வெள்ளை மருந்து குடிக்கக் கொடுத்து பெஞ்சில் இருத்தினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கடமைக்கு வந்த இன்னொரு டொக்டர் அந்தப் பக்கம் நடந்து போனவர், வாப்பாவின் சேர்ட் நனைந்திருந்ததைப் பார்த்து நின்றார். "இரிங்க, எப்பயிருந்து கரிக்குது? கைக்கு இறங்குதா?" என்று எங்கள் பாசையில் கேட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார், அந்த இடத்திலேயே கட்டி கரைக்கிற ஊசி போட்டார், போட்ட பிறகுதான் அம்பியுலன்ஸில் ஏற்றினார். பிறகு கேட்டால் அவர் பயிற்சியில் இருக்கிறவர், எங்கள் பக்கத்தில் முதலும் வேலை செய்தவராம். வாப்பா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் படியேறினால் மூச்சு வாங்குகிறது. அந்த ஒரு மணித்தியாலம்தான் என்று பெரிய டொக்டர் சொன்னார்.

நெஞ்சு கரிக்குது, முட்டு இழுக்குது, இதையெல்லாம் எங்கள் ஆட்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று தெரிந்த டொக்டர் வேண்டும். ரெண்டு மாதத்துக்கு வந்து போனால் அது வராது. எத்தனை ஆஸ்பத்திரி என்பதை நீங்களே பேசி முடிவெடுங்கள்.

கல்லடிக்காரன்:

நானா, வாப்பாவின் கதை மனதைப் பிசைகிறது. அந்த ஊசி, நோயாளி வாசலுக்கு வந்து 30 நிமிடத்துக்குள் போகவேண்டியது. மொழி விசயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அம்பாறைக்கு அனுப்பினால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் உகனையில் இருந்து வருகிறவரின் சிங்களத்தைப் பழகுவார்கள், அதுவும் தேவைதான்.

ஆனால் அண்ணன், நீங்கள் சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியைத் தொடாமல் போகிறீர்கள். கற்பிக்கிறது யார்? 2022 பொருளாதார நெருக்கடியில் எத்தனை நிபுணர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று தெரியும்தானே. வெளிநாட்டுப் பயிற்சி வருடத்துக்குப் போய்த் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு பேரிடம் பயிற்சி எடுக்கிறவர்களைச் சேர்த்து வைத்தால் ஏதோ படிப்பார்கள், நாலு இடத்துக்குச் சிதறவிட்டால் நாலு இடத்திலும் தனியாக நிற்பார்கள். நான் நின்ற மாதிரி. என் யோசனை, பயிற்சி எடுக்கிறவர் மட்டக்களப்பில் இருக்கட்டும், நிபுணர் கிழமைக்கு ஒரு நாள் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகட்டும்.

படுவான்கரையான்:

நிபுணர் ஒரு நாள் அக்கரைப்பற்றுக்குப் போனால் அன்றைக்கு மட்டக்களப்பு ஈ.ரி.யூ. யாரிடம்? அதோடு பகலில் வருகிற நிபுணருக்கு அந்த வாப்பா தென்படமாட்டார், அவர் விடியப்புறம் வந்தவர். இரவில் அங்கே நிற்கிற ஆளைத்தான் பழக்கவேண்டும்.

ஆனால் கற்பிக்க ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதலில் நான் எழுதினபோது அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அவசர நிபுணர் இல்லையென்றால் மயக்கமருந்து நிபுணரோ உள்மருத்துவ நிபுணரோ ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பெடுக்கவேண்டும், இரவில் கூப்பிட்டால் வரவேண்டும். கையெழுத்துக்கு மட்டும் பெயர் கொடுக்கிற இடம் பயிற்சி இடமில்லை.

கல்லடிக்காரன்:

அப்படியென்றால் பாதி தூரம் வருகிறேன். பொறுப்பாளர் இருக்கவேண்டும், ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. சுவாசக் குழாய், நெஞ்சுக் குழாய் ரெண்டும் மட்டக்களப்பில் கை பழகின பிறகுதான் வெளியே அனுப்பவேண்டும். முதல் வருடமே அனுப்புவதற்கு நான் கடைசிவரை சம்மதிக்கமாட்டேன்.

படுவான்கரையான்:

முதல் வருடத்தில் ரெண்டு மாதமாவது வேண்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிப் பழக்கம் ஊறிப்போகும். அந்தத் தம்பிமாரிடம் ரெண்டு பேருடைய பேச்சையும் அப்படியே காட்டுகிறேன்.

கல்முனை_மிஸ்:

டொக்டர்மாரே, நீங்கள் வருடக் கணக்கு பேசி முடிக்கும் வரைக்கும் எனக்கு ட்ரொலி இருக்கிறது. கல்லடித் தம்பி, உங்கள் இடத்து லாச்சி அடுக்கு எப்படி என்று எழுதி அனுப்புவீர்களா? எங்கள் சிஸ்டரிடம் காட்டி அதே மாதிரி அடுக்கி, மேலே ஒட்டிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் என்னோடு படித்தவ இருக்கிறா, அவவுக்கும் அனுப்பலாம்.

கல்லடிக்காரன்:

கட்டாயம் மிஸ். இப்போதே சொல்கிறேன். மேல் லாச்சி மருந்து மட்டும், அட்ரினலின் இடது மூலையில், பக்கத்தில் அட்ரோபின். ரெண்டாவது சுவாசக் குழாய் சாமான் எல்லாம், லரிங்கோஸ்கோப்பின் பற்றரியைக் காலையில் ஒருக்கா எரிய வைத்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது கனுலா, சேலைன் செட். கடைசி லாச்சி சின்னப் பிள்ளைகளின் அளவுகள். இரவு கடமைக்குப் போனதும் படம் எடுத்து அனுப்புகிறேன்.