லைன் வண்டிக்கு (தூர ஊருக்கு ஓடுற லாரிக்கு) புதுசா போறவங்களுக்கு: ஒத்தையா, டபுள் டிரைவரா?

ஆலங்குளத்திலிருந்து:

ஹெவி லைசன்ஸ் கையில வந்ததும் நம்ம பக்கத்துப் பையன்க கேக்குற முதல் கேள்வி, "அண்ணாச்சி, ஒத்தையா போனா பேட்டா (டிரிப்புப் படிக்காசு) முழுசும் நமக்குத்தானே?" ஆமா, டபுள் டிரைவர்னா பேட்டா ரெண்டாப் பிரியும். ஆனா வண்டி நிக்காம ஓடுறதால மாசத்துக்கு டிரிப்பும் கூடும். காசை வச்சு மட்டும் இதை முடிவு பண்ணாதீங்க. மொத வருஷம் நார்த் லைனுக்கு, அதாவது வடமாநிலத்துக்கு, ஒத்தையா போகவே போகாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கேன்.

பல மாநிலத்துக்கும் ஓடுற நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்னு முன்னாடி விதி இருந்துச்சு. 2018-ல அதை எடுத்துட்டாங்க. இப்ப நிறைய வண்டியில ஒரே டிரைவர்தான், கிளீனரும் கிடையாது. தார்ப்பாய் போடுறது, கயிறு இழுத்துக் கட்டுறது, டயர் தட்டிப் பாக்கிறது, இறக்குற இடத்துல பில்லோட காத்துக் கிடக்கிறது எல்லாம் அந்த ஒரே ஆள். 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருக்க அரை மணி ஓய்வுன்னு இருந்துச்சு; 2025-ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புதுத் தொழிலாளர் சட்டம் வந்திருச்சு. புக்கிங் ஆபீஸ்ல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, நாமதான் தெரிஞ்சு வச்சுக்கணும். சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லு கூட 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருது. கோவில்பட்டியில தீப்பெட்டி ஏத்தி நாக்பூர் போறவனுக்கு அந்தக் கணக்குல எட்டு நாளாவது கிடைக்கும். "எங்க இருக்க, எங்க இருக்க"ன்னு போன்லதான் நம்மள விரட்டுறாங்க.

நான் மொத மொதல்ல ரெண்டாவது டிரைவரா ஏறுனது சங்கரன்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் கூட. திரும்பி வாரப்ப தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் வரும். நான் பின்னால படுத்திருந்தாலும் எழுப்பி உக்கார வச்சிருவார். இறக்கத்துக்கு முன்னாடியே ஓரங்கட்டி, ஏர் பிரஷர் முள்ளைப் பாத்து, இறங்கி பிரேக் டிரம் பக்கத்துல புறங்கையக் கொண்டுபோயி சூடு பாப்பார். அப்புறம் மூணாவது கியர். "ஏறுற கியர்லதாம்ல இறங்கணும்"பார். டீசல் மிச்சம் பிடிக்கணும்னு நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிடிமானம் போயிரும். பாரம் முழுக்க பிரேக் மேல விழும். பிரேக் சூடேறிக் காய்ஞ்சுபோனா நீங்க பெடல்ல ஏறி நின்னாலும் வண்டி நிக்காது. அந்த இறக்கத்துல நடந்த பல விபத்துக்கு இதுதான் காரணம். கத்துக்குடுக்க ஆள் பக்கத்துல இருந்தாத்தான் இதெல்லாம் கை பழகும்.

சரி, எந்த டிரைவர் கூடப் போகலாம்? எனக்குத் தெரிஞ்ச ஒரே சோதனை இதான்: அவர் கையில ஸ்டியரிங்கைக் குடுத்துட்டுப் பின்னால படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரணும். அவர் பிரேக் பிடிக்கிற பிடியிலயே உடம்புக்குத் தெரிஞ்சிரும். திக்கு திக்குனு முழிச்சுக்கிட்டே கிடந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி உங்க கைக்கு வாரப்ப தூங்காத உடம்போடதான் உக்காருவீங்க. ரெண்டு பேர் இருந்தும் ரெண்டு பேருமே தூங்காத வண்டி, ஒத்தை வண்டியை விட மோசம்.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன கடைசி விஷயம் நூத்துக்கு நூறு நிஜம். என் கூட வந்தவர் நல்லாத்தான் ஓட்டுவார், ஆனா ஓட்டிக்கிட்டே போன்ல வீடியோ பாப்பார். கர்னூல் தாண்டி ஒரு ராத்திரி, வண்டி ரோட்டோர ஜல்லியில ஏறுன சத்தத்துலதான் நான் முழிச்சேன். அந்த டிரிப் முடிஞ்சதும் ஓனர்ட்ட ஆளை மாத்துங்கன்னு கேட்டேன். மாத்தல, நான் விலகிட்டேன். இப்ப தூத்துக்குடி ஹார்பர்ல கன்டெய்னர் ஏத்தி கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு ஒத்தையா ஓட்டுறேன். ஹார்பர் கேட்டுல காத்துக் கிடக்கணும், அதான் பாடு. ஆனா ராத்திரி வீட்டுச் சோறு. அதனால ஒத்தைன்னாலே தப்புன்னு சொல்லிராதீங்க, கிட்ட லைனுக்கு அதுதான் சரி.

பாவூர்சத்திரத்திலிருந்து:

நானும் ஒத்தைதான், காய்கறி லோடு. கேரளா மார்க்கெட்டுக்கு விடியுறதுக்குள்ள சேரணும்னு ராத்திரிதான் கிளப்புவோம். தூரம் கம்மிதான், ஆனா கேரளா எல்லையில புளியரை எஸ் வளைவு இருக்கே. ஆனி ஆடி சாரல்ல ரோடு வழவழன்னு கிடக்கும். எதிர்ல கனிமவள லாரி வரிசையா வரும். லோடோட அந்த வளைவு ஏற, ரெண்டு மழைக்காலமாவது பழகின ஆள் கூட உக்காந்து பாத்துட்டு அப்புறம் தனியா வாங்க.

முக்கூடலிலிருந்து:

என் வீட்டுக்காரர் மத்தியப் பிரதேசத்துல பீடி இலை ஏத்தப் போவார். ஒத்தையா போன காலத்துல போன் எடுக்கலைன்னா பீடி சுத்துற கை ஓடாது எனக்கு. இப்ப ரெண்டு பேராப் போறாங்க. அவர் எடுக்கலைன்னா மத்த அண்ணனுக்குப் போடுவேன், "தூங்குதார்மா, நான் ஓட்டுறேன்"ன்னு சொல்வார். புதுசா போற தம்பிங்க உங்க கூட வர்ற டிரைவர் நம்பரை வீட்டுல குடுத்துட்டுப் போங்க. அவங்க வீட்டு நம்பரையும் வாங்கி வைங்க.

ஆலங்குளத்திலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி சொன்னதைக் கட்டாயம் செய்யுங்க. ஹெவி லைசன்ஸ் எடுக்க என்ன வேணும்னு கேக்குற தம்பிங்களுக்கு: 20 வயசு முடிஞ்சிருக்கணும், லைட் லைசன்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும். எட்டாம் வகுப்புக் கட்டாயம் 2019-லயே போயிருச்சு. ஹெவி எடுத்தா 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஓனர்ட்ட மூணு விஷயம் பேசி வச்சுக்கோங்க: பேட்டா டிரிப்புக்கா, வாடகையில சதவீதமா, லோடு கிடைக்காம ஹால்ட் ஆனா சாப்பாட்டுக்காசு உண்டா, டயர் வெடிச்சா யார் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கம் டபுளுக்கு ஆள் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நல்ல கை இருக்கிற பையன்க சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போயி பேசி விடுதேன்.