தூக்கத்தைக் கெடுத்த எண்: ஆளுமை ஆய்வு, சைக்கோமெட்ரிக்ஸ் (மனப் பண்புகளை அளக்கும் துறை) பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

ஆம்ஸ்டர்டாம்_மழை:
நானே தொடங்கிவைக்கிறேன். 0.49.

ஐபிஐபி 50 ஐட்டம் இங்கே பலருக்கும் தெரியும்: ஐந்து ஆளுமைப் பண்புக்குத் தலா பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நெதர்லாந்தில் பிஎச்டி இரண்டாம் வருடம், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் ஆன்லைனில் தமிழில் எடுத்த டேட்டா. மற்ற நான்கு ஸ்கேலும் ஒழுங்காக இருந்தன, நியூராட்டிசிசத்துக்கு (எளிதில் கவலை, மனவாட்டத்துக்கு ஆளாகும் பண்பு) மட்டும் ஆல்ஃபா, அதாவது ஐட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.49. பத்து ஐட்டத்துக்கு அது படு கேவலம். ப்ரோகிராம் கோடைத் திறந்து பார்த்தேனா என்றால் இல்லை. "கவலை என்பதை நம் ஊரில் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்கள்" என்று இரண்டு பக்கம் எழுதினேன். கூட்டுக்குடும்பம் வரைக்கும் இழுத்தேன். ஒரு ரிவியூவருக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்திருந்தது.

டேட்டாவைப் பொதுவில் போட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு மாணவியிடமிருந்து மூன்று வரி மெயில். "பெரும்பாலும் நிதானமாக இருப்பேன்", "மனசு வாடுவது அபூர்வம்" என்ற இரண்டு ஐட்டத்தையும் இரண்டு தடவை திருப்பிவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். எதிர்ப்பக்கம் பேசும் ஐட்டங்கள் என்பதால் 5ஐ 1 ஆக, 1ஐ 5 ஆக ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். கூட வேலை பார்த்தவர் ஏற்கெனவே திருப்பிவைத்த ஃபைல் அது. இரவு பதினொன்றரை, ஹீட்டர் அணைந்த ஆபீஸ். ஒரு வரியை அழித்துவிட்டு ஓட்டினேன். 0.82.

நல்ல எண்ணைப் பார்த்து வயிறு கலங்கியது அன்றைக்குத்தான்.

ஒமேகா_கட்சி:
0.82 வந்துவிட்டதால் நிம்மதி என்கிறீர்களா? ஆல்ஃபா உயர்ந்தால் ஸ்கேல் ஒரே விஷயத்தைத்தான் அளக்கிறது என்று அர்த்தம் கிடையாது. கட்மன் 1945லேயே இதே சூத்திரத்தை நம்பகத்தன்மைக்கு ஒரு கீழ் எல்லையாகத்தான் சொன்னார். க்ரான்பாக் 1951ல் சைக்கோமெட்ரிகாவில் எழுதியபிறகு அது அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. அதே இதழில் 2009ல் சைட்ஸ்மா அதைக் கிழித்துத் தொங்கவிட்டாகிவிட்டது. இன்னும் ஆல்ஃபாவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

என் கதை சின்னது. ஆல்ஃபாவுக்குப் பதில் ஒமேகா என்ற வேறொரு நம்பகத்தன்மை எண்ணை மட்டும் போட்டுக் கட்டுரையை அனுப்பினேன். "ஆல்ஃபா எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்கள். சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள். நான்கு மாதம் அதற்கு.

திண்ணை_சர்வே:
மழை அண்ணா, உங்கள் 0.49 தப்பாக வந்திருக்கலாம், நீங்கள் எழுதிய முடிவு அவ்வளவு தப்பில்லை என்பேன்.

விழுப்புரம் பக்கம் வீடு வீடாகக் கேட்டவன் நான். நீங்கள் சொன்ன அதே "அபூர்வம்" ஐட்டம். அந்தச் சொல் யாருக்கும் ஏறவில்லை என்று "அடிக்கடி மனசு வாடமாட்டேன்" என்று மாற்றியிருந்தோம். திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசித்தேன். "இல்லப்பா" என்றார்.

இல்லை என்றால்? வாடமாட்டேன் என்பது இல்லையா, வாடுவது இல்லையா? நம் மொழியில் இரண்டுக்கும் அதே "இல்லை"தான். 1 போடுவதா 5 போடுவதா? மறுபடி கேட்டேன். "அதான் இல்லன்னேனே" என்று கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 3 போட்டேன். அந்த 3 எங்கள் டேட்டாவில் இன்னும் இருக்கிறது.

பொலிவியாவின் சிமானே மக்களிடம் கர்வனும் மற்றவர்களும் 2013ல் செய்ததைப் பாருங்கள். அந்த ஐந்து ஆளுமைப் பண்புகளும் தனித்தனிக் காரணிகளாக அங்கே எழவே இல்லை. 2019ல் சயன்ஸ் அட்வான்சஸில் லஜாஜ் குழு 23 நாடுகளின் நேர்முக சர்வேக்களைப் பார்த்தது. அங்கேயும் எதற்கெடுத்தாலும் ஆமாம் போடும் பழக்கம் உட்படப் பல தொல்லை.

ஹன்னா_நானும்:
ஜெர்மனியில் என் போஸ்ட்டாக் ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் முடிகிறது. கடைசிக் கட்டுரை இன்னும் ரிவியூவில். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சிலது சொல்லியாக வேண்டும். மூல ஃபைலைப் பூட்டி வையுங்கள், யாரும் அதில் கை வைக்கக்கூடாது. ஐட்டத்தைத் திருப்புவது ஒரே ஒரு இடத்தில், கோடில் மட்டும். ஆர் மொழியில் ரெவெல் எழுதிய சைக் (psych) பேக்கேஜில் ஐட்டம் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும். மழை அதில் ஆல்ஃபா ஓட்டியிருந்தால், சில ஐட்டங்களைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்று அதுவே எச்சரித்திருக்கும். அப்புறம், முடிந்தால் ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட் போடுங்கள். டேட்டா எடுக்கும் முன்பே திட்டத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வார்கள், முடிவு எப்படி வந்தாலும் அச்சேறும். கார்டெக்ஸ் இதழ் 2013ல் தொடங்கிவைத்தது, இப்போது நம் துறையிலும் நிறைய இதழ்கள் எடுக்கின்றன. ஜெர்மனிக்கு வருபவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். பல்கலைக்கழகத் தற்காலிக ஒப்பந்தச் சட்டப்படி பிஎச்டிக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம்; அதற்குமேல், வெளி நிதித் திட்டம் போன்ற விலக்கு இல்லாவிட்டால், தற்காலிக ஒப்பந்தம் தரமாட்டார்கள். நிரந்தரப் பதவி என்றால் அநேகமாகப் பேராசிரியர் பதவிதான். 2021ல் "நான் ஹன்னா" என்று எல்லோரும் கொதித்தது இதற்குத்தான். இந்தச் சட்டத்தை விளக்க ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகம் போட்ட வீடியோவில் வந்த கற்பனை ஆராய்ச்சியாளர் பெயர் ஹன்னா. லவான் (ஆர் மொழியின் இன்னொரு பேக்கேஜ்) கற்றுக்கொள்ளுங்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளை விடுங்கள். கைட் சொன்னார் என்று

ஒமேகா_கட்சி:
பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளை.

ஆம்ஸ்டர்டாம்_மழை:
ஹன்னா, ஆலோசனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மறைப்பானேன்? சைக் பேக்கேஜில்தான் ஓட்டினேன். அந்த எச்சரிக்கையும் வந்தது. கலாச்சாரம்தான் என்று முடிவு கட்டி அதை மூடிவிட்டேன். முதலில் எழுதும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

திண்ணை, பாட்டி கதை அருமை. ஆனால் "முடிவு தப்பில்லை" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன லஜாஜ் கட்டுரையிலேயே, இணையம் வழியாக எடுத்த டேட்டா எவ்வளவோ ஒழுங்காக வந்தது என்றும் இருக்கிறதே. என்னுடையது இணையம்.

இரண்டுங்கெட்டான்:
எனக்கு எண் இல்லை, ஒரு கேள்விதான். அமெரிக்காவில் பல்கலைக்கழக வேலைக்குக் கேம்பஸ் இன்டர்வியூ. ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு, இரவுச் சாப்பாட்டில் சூப் வரும் நேரத்தில் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரி, நீங்கள் ஆளுமை ஆளா, புள்ளியியல் ஆளா?" இரண்டும் என்றேன். முகம் மாறியது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிராஸ்-லேக்டு மாடலை (இரண்டு விஷயங்களில் எது எதைப் பின்னால் மாற்றுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் முறை) ஹமாக்கர் 2015ல் எப்படிக் கேள்வி கேட்டார் என்று புரிந்துகொள்ளாமல், கூச்சம் தனிமையை வளர்க்கிறதா என்று எப்படிச் சொல்வது? இதைத்தான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். விமானத்தில்தான் தோன்றியது. மூன்று வருடம் ஆகிறது, சூப்பைப் பார்த்தால் இன்னும் அந்தக் கேள்விதான்.

திண்ணை_சர்வே:
மழை அண்ணா, திருத்தம் போட்டீர்களா?

ஆம்ஸ்டர்டாம்_மழை:
போட்டேன். இரண்டு பத்தி, அந்த மாணவிக்கு நன்றியோடு. யாரும் படிப்பதில்லை. போன மாதம் ஒரு கட்டுரை என்னிடமே ரிவியூவுக்கு வந்தது. தெற்காசியாவில் இந்த ஸ்கேல் எடுபடாது என்பதற்கு ஆதாரமாக என் பழைய கட்டுரை, பக்கத்தில் 0.49. அது தப்பு என்று விளக்கினால் ரிவியூ எழுதியது நான்தான் என்று தெரிந்துவிடும். விளக்காமல் விடவும் முடியாது.

இன்னும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை கெடு.