ரேடியோவில் தப்பாகக் கேட்ட தருணங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:

இறங்க வரும் விமானங்களை ரேடியோவில் வழிநடத்தும் அப்ரோச் பிரிவில் நான் இருந்த காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகித ஸ்ட்ரிப், எதிரே பலகையில் அடுக்கி வைத்திருப்போம். இறங்கச் சொல்லும் உயரத்தைப் பேசிக்கொண்டே அதில் எழுதிவிடலாம். ஆனால் பைலட் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி, அது முழுசாகக் காதில் விழுந்த பிறகுதான் டிக் போட வேண்டும். பேனா முந்திக்கொண்டால் எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

ஒருநாள் சாயங்கால நெரிசல். ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள், ரேடியோவில் கூப்பிடும் பெயரான கால்சைனில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் முன்பின்னாக. முதலாவதை 7,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். பதிலுக்குக் கீச்சென்று ஒரு சத்தம், அதன் நடுவே "செவன் தவுசண்ட்". எண் சரிதான், டிக் போட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கீச்சொலி கேட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்திப் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் கட்டளை தராத இரண்டாவது விமானமும் 7,000-ஐ செட் பண்ணி இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே 8,000-இல் வேறொரு விமானம் போய்க்கொண்டிருந்தது. உடனே நிறுத்திப் பிடித்தோம்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்திலும் இதே கீச்சொலிதான். மூடுபனி, டவரிலிருந்து ரன்வே தெரியவில்லை. கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபடியே 'டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்றது. டவர் "ஓகே" என்று ஆரம்பித்து, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று முடித்தது. அந்த நொடியில் பான் ஆம் விமானமும் 'நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்' என்று பேசியது. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும். மற்றதைக் கீச்சொலி மூடிவிட்டது. இரண்டு விமானங்களும் ரன்வேயில் மோதி 583 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிஜமாகவே அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை ரேடியோவில் எடுக்கக் கூடாது என்ற வழக்கம் உறுதியானது.

காதில் விழாத செய்தியைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. விழாவிட்டால் மறுபடி கேட்பார்கள். எதிர்பார்த்த மாதிரியே விழுந்துவிடும் செய்திதான் ஆளைக் கவிழ்க்கும்.

விமானி:

நீங்கள் கடைசியில் சொன்னது காக்பிட்டிலும் அப்படியே நடக்கும் சார். நான் கோ-பைலட்டாக இருந்தபோது ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். கன்ட்ரோலர் மூச்சுவிடாமல் பேசுபவர். எனக்கு 3,000 என்று கேட்டது, கேப்டன் உயரக் குமிழை 2,000-க்குத் திருப்பினார். இறங்கும் வழியைக் காட்டும் சார்ட்டில் அடுத்த உயரம் 2,000, அவர் அதற்காகவே காத்திருந்தார். "சார், எனக்கு மூவாயிரம்னு கேட்டுச்சு" என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல், "கேளு" என்றார். கேட்டோம். 3,000தான்.

கேட்காமல் விட்ட கதை 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங்குக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். எண்களை ஒவ்வொன்றாக, "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று. முதல் 'டூ'வை விமானிகள் இரண்டு என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், 'வரை' என்று பொருள்படும் இங்கிலீஷ் 'டு' என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ", அதாவது 400 அடி, என்று பதில் சொன்னார்கள். கன்ட்ரோலர் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் இறக்கம் நிற்கவில்லை. 437 அடி உயரத்தில் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். அந்த "ஓகே"-யைக் கேட்ட மாத்திரத்தில் யாராவது ஒருவர் திருத்தியிருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

டெல்லியில் பணியாற்றியவர்:

1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதிய விபத்து நடந்து சில வருஷம் கழித்துத்தான் நான் டெல்லிக்குப் போனேன். ஆனால் அந்த உரையாடலின் எழுத்துப்படி எங்கள் பயிற்சியில் வரிக்கு வரி வாசிக்கப்பட்டது. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, ஏறிப்போன சவூதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே விமானம் வருகிறது, தூரம் 14 மைல் என்று கன்ட்ரோலர் எச்சரித்தார். அடுத்து, அது 140-ஆம் லெவலில், அதாவது 14,000 அடியில், இருக்கிறது என்றார். சில நொடிக்குள் இத்தனை பதினாலு! இங்கிலீஷில் தடுமாறும் ஒருவர் காதில் அது என்னவாகப் போய் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட எனக்கு உறுத்தும். அந்த விமானத்தில் ரேடியோவில் பேசியது விமானிகள் அல்ல, ரேடியோ ஆபரேட்டர். அவருக்கெனத் தனி உயரமானி கிடையாது. விமானிகளுடையதை எட்டிப் பார்க்க வேண்டும். டெல்லியில் அன்று இருந்த பிரைமரி ரேடார் உயரம் காட்டாது. ஆக, விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் ஒரே சாட்சி. 15,000-க்கு வந்துவிட்டதாகச் சொன்னபோதே விமானம் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் ஆபரேட்டர் புரிந்துகொண்டு விமானிகளை உஷார்ப்படுத்த, விமானம் கொஞ்சம் மேலே எழும்பி நேராகச் சவூதி விமானத்தில் போய் மோதியது. 349 பேர். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை வந்தது, உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:

கட்டளையை எழுத்துச் செய்தியாக அனுப்பும் டேட்டாலிங்க் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று தனிச்செய்தியில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நடுக்கடலுக்கு மேலே அது பெரிய வரம், தம்பி. வங்காள விரிகுடாவுக்கு மேலே எச்எஃப் எனும் தொலைதூர ரேடியோவின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு அது புரியும். ஆனால் நெரிசலான நேரத்தில், அடுத்தடுத்து விமானங்கள் இறங்க வரிசை கட்டும்போது, தட்டச்சு செய்து பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அங்கே இன்னமும் குரல்தான், திருப்பிச் சொல்லும் ரீட்பேக்தான்.