காய்ச்சல் விடுதே இல்ல, ரத்தத்துல கிருமி இருக்காம், ஆனா என்ன கிருமி எண்டு லாப்ல இன்னும் சொல்லல. ஏன் இவ்வளவு நாள்?

தம்பலகாமத்துப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். என்ட மாமாவுக்காக கேக்கிறன், அம்மாட தம்பி. தம்பலகாமத்துல வயல் செய்றவர், சீனி வருத்தம் (நீரிழிவு) கனகாலமா இருக்கு, குளிசை ஒழுங்கா போடமாட்டார். பெரும்போக மழை விட்ட கையோட காய்ச்சல் தொடங்கினது, பின்னேரமானா குளிர் நடுக்கத்தோட ஏறும், காலமை இறங்கும். முதல்ல டெங்கு எண்டு பாத்தாங்க, இல்லையாம். பேந்து எலிக்காய்ச்சலா இருக்கலாம் எண்டு டொக்சிசைக்ளின் குடுத்தாங்க குறையல, இருமல் வந்து எக்ஸ்ரேல நெஞ்சுல வெள்ளையா ஏதோ தெரிஞ்சவுடன டிபி எண்டு சளி எடுத்துப் பாத்தாங்க, அதுவும் இல்ல. ஆள் நல்லா மெலிஞ்சிட்டார். இப்ப வாட்டுல வச்சு செஃப்ட்ரியாக்சோன் ஊசி போகுது, ஸ்கேன் எடுத்தா மண்ணீரல்ல சின்னச் சின்ன சீழ்க்கட்டி கனக்க இருக்காம்.

ரத்த கல்ச்சர்ல, அதாவது ரத்தத்தை லாப்ல வச்சு கிருமி வளருதா எண்டு பாக்கிற டெஸ்ட்ல, கிருமி வளந்துட்டு. ஆனா ரிப்போர்ட்ல "சூடோமோனாஸ் வகை, வெளியில இருந்து கலந்ததாவும் இருக்கலாம்" எண்டு மட்டும்தான் கிடக்கு. திரும்பவும் ரத்தம் கேக்கிறாங்க, மாமி எவ்வளவு ரத்தம்தான் எடுப்பீங்க எண்டு அழுறா. கிருமி வளந்துட்டு எண்டா பேரைச் சொல்ல ஏன் இவ்வளவு நாள் எடுக்குது? கொழும்புக்கு கொண்டு போகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சரியான பயமா இருக்கு.

உப்புவெளி ரவி:
இவ்வளவு நாளா காய்ச்சல், மெலிவு, நெஞ்சுல படலம் எண்டா டிபியாத்தான் இருக்கும் தங்கச்சி. சளியில வராத டிபியும் இருக்கு. டிபி மருந்தை தொடங்கச் சொல்லிக் கேளுங்க, காத்திருக்க வேணாம்.

லாப் அக்கா:
ரவி, கோவிக்காதீங்க, ஆனா அப்படி தொடங்க வேணாம். ரத்தத்துல ஒரு கிருமி வளந்து நிக்குது, முதல்ல அதை யாரெண்டு பாக்கணும். நான் கிழக்கு மாகாணத்துல நுண்ணுயிரியல் லாப்ல டெஸ்ட் செய்ற எம்.எல்.டி (மருத்துவ ஆய்வுகூட தொழில்நுட்பவியலாளர்). தங்கச்சி, நீங்க எழுதினதை வாசிச்சவுடன எனக்கு நெஞ்சு திக்கெண்டது. சீனி, வயல், மழைக்குப் பிறகு காய்ச்சல், நெஞ்சு, மண்ணீரல்ல சீழ், ரிப்போர்ட்ல சூடோமோனாஸ் வகை. இவ்வளவும் ஒரு ஆளுக்கு எண்டா மெலியோய்டோசிஸா, அதாவது மண்ணுல தண்ணியில இருக்கிற ஒரு கிருமியால வாற வருத்தமா எண்டு கட்டாயம் கேக்கணும். அதுதான் எண்டு நான் சொல்லல, அதை பாத்தாங்களா எண்டு கேளுங்க எண்டு சொல்றன்.

ஏன் நாள் எடுக்குது எண்டா, ரத்தத்தை போத்தலுக்குள்ள விட்டு மெசின்ல வச்சா கிருமி பெருகினா மெசின் சத்தம் குடுக்கும், அதுக்கு ஒருநாளும் எடுக்கலாம் அஞ்சு நாளும் எடுக்கலாம். பிறகு ஒரு துளி எடுத்து கிராம் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாப்பம், அதுல தெரியிறது நிறமும் வடிவமும் மட்டும்தான். இளஞ்சிவப்பு குச்சி எண்டா கிராம் நெகட்டிவ், அதுக்குள்ள ஈ.கோலையும் வரும் கிளெப்சியெல்லாவும் வரும் இன்னும் கனக்க வரும். மெலியோய்டோசிஸ் கிருமி, பர்கோல்டேரியா சூடோமல்லை எண்டு பேர், ரெண்டு நுனியும் கூடுதலா சாயம் பிடிச்சு சேஃப்டி பின் மாதிரி தெரியும் எண்டு படிச்சிருப்பம், ஆனா அந்தத் தோற்றம் வேற கிருமிகள்லயும் வரும், அதை மட்டும் வச்சு பேர் சொல்லேலாது. அடுத்தது பிளேட்ல, கிருமிக்கு சாப்பாடு இருக்கிற தட்டுல, போட்டு வளக்கணும். ஈ.கோலை ஒரு ராவுல பெருசா வளந்திடும், இது மெதுவானது, முதல் நாள் சின்னதா வெள்ளையா ஒண்டும் விசேசமில்லாத மாதிரி கிடக்கும், மூண்டு நாலு நாள் விட்டாத்தான் காஞ்சு சுருங்கின மாதிரி வரும். அவசரத்துல ரெண்டாம் நாள் பிளேட்டை எறிஞ்சா அந்த முகத்தை காணவே மாட்டம்.

இப்ப முக்கியமான விசயம். கிருமி வகையைப் பிரிக்கிற ஒக்சிடேஸ் டெஸ்ட் போட்டா சூடோமோனாஸும் பொசிட்டிவ், இதுவும் பொசிட்டிவ். ரெண்டும் சீனியை புளிக்க வைக்காது. அதால கனக்க இடத்துல "சூடோமோனாஸ் வகை" எண்டு எழுதி முடிச்சிடுவாங்க, இல்லாட்டி மண்ணுல தண்ணியில இருக்கிற கிருமி ரத்தம் எடுக்கேக்க கலந்திருக்கும் எண்டு நினைப்பாங்க. தானா பேர் சொல்ற மெசின்கூட சில நேரம் இதை பர்கோல்டேரியா செபாசியா எண்ட வேற கிருமி எண்டு சொல்லும். பிரிச்சுப் பாக்க ஒரு சுகமான வழி இருக்கு, அன்டிபயோட்டிக் தோய்ச்ச சின்ன கடதாசி வட்டு மூண்டு பிளேட்ல வச்சா போதும். ஜென்டாமைசின், கொலிஸ்டின், கோ-அமொக்சிக்லாவ். சூடோமோனாஸ் ஏருஜினோசா எண்டா பொதுவா கொலிஸ்டினுக்கு சாகும், கோ-அமொக்சிக்லாவுக்கு அசையாது. பர்கோல்டேரியா சூடோமல்லை அதுக்கு நேர்மாறு, கொலிஸ்டினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அசையாது, கோ-அமொக்சிக்லாவுக்கு அடங்கும். இந்த மூண்டும் இப்படி வந்தா அந்த லாப் உடன கன்சல்டன்ட் மைக்ரோபயோலொஜிஸ்டுக்கு சொல்லணும். உறுதிப்படுத்த லேட்டெக்ஸ் டெஸ்ட் இருக்கு, பி.சி.ஆர் இருக்கு, கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியல் பிரிவுல கனகாலமா இதுல வேலை செய்றாங்க, கிருமியை அங்க அனுப்பலாம். ஆளை கொழும்புக்கு தூக்கிட்டு ஓடத் தேவையில்ல, போக வேண்டியது பிளேட்டுல வளந்த கிருமிதான்.

அதால நீங்க செய்ய வேண்டியது, வாட் டொக்டர்ட்ட போய் "மாமா வயல் செய்றவர், சீனி இருக்கு, மண்ணீரல்ல சீழ், மெலியோய்டோசிஸா பாக்கச் சொல்லி லாப்புக்கு ஒரு கோல் எடுப்பீங்களா" எண்டு கேளுங்க. பயப்படாம கேளுங்க. எங்களுக்கு லாப்ல வாற துண்டுல காய்ச்சல் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கும், ஆள் வயல்காரன் எண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு வரி எழுதியிருந்தா பிளேட்டை நாலு நாள் வச்சு பாப்பம், அஷ்டவுன் அகார் எண்டு இதுக்கெண்டே இருக்கிற பிளேட்லயும் போடுவம். இன்னொண்டு, லாப்ல வேலை செய்ற பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்பு, இந்தக் கிருமியை மூடின கேபினட்டுக்குள்ள வச்சுத்தான் கையாளணும்.

ரத்தம் திரும்ப கேட்டா குடுங்க தங்கச்சி, மாமிக்கும் சொல்லுங்க. ஒரு கல்ச்சர்ல பிடிபடுறது இந்த வருத்தத்துல நூத்துக்கு அறுபது அளவுதான், அதால ரத்தத்தோட சேத்து சளி, சிறுநீர், தொண்டையில பஞ்சு, சீழ் எடுக்க ஏலுமெண்டா சீழ் எல்லாம் அனுப்புறது. ரெண்டாந்தரமும் அதே கிருமி வந்தா கலந்தது எண்ட கதை முடிஞ்சுது.

கிண்ணியா நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, எங்கட வாப்பாவுக்கு இதே வருத்தம்தான் வந்தது, அல்லாஹ் காப்பாத்தினான், இப்ப வயலுக்குப் போறார். அவருக்கு முழங்கால் வீங்கி சீழ் வச்சது, சாதாரண கட்டி எண்டு கீறி விட்டு அனுப்பினாங்க, திரும்ப வந்தது, ரெண்டாந்தரம் கீறின டொக்டர் சீழை கல்ச்சருக்கு அனுப்பினதாலதான் பேர் தெரிஞ்சது. முதல் தரம் வந்த சீழை அப்படியே கழுவி ஊத்தினதை நினைச்சா இப்பவும் கவலையா இருக்கும். சீழ் எடுத்தா லாப்புக்கு போகுதா எண்டு நிண்டு பாருங்க.

மருந்து நீளம், அதுக்கு மனசை தயார் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில ஊசி, வீட்டுக்கு வந்த பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை மாசக்கணக்குல. காய்ச்சல் விட்டவுடன வாப்பா குளிசையை நிப்பாட்டப் பாத்தார், உம்மா விடல்ல. நிப்பாட்டினா திரும்ப வரும் எண்டு டொக்டர் கண்டிப்பா சொன்னவர்.

உப்புவெளி ரவி:
அக்கா விளங்குது. ஆனா ரத்தத்துல அன்டிபொடி, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கிறது, அதைப் பாத்தா ஒரே நாள்ல தெரியுமே, பிறைவேட் லாப்ல செய்யேலாதா? கல்ச்சருக்கு இவ்வளவு நாள் எண்டா அதுக்குள்ள ஆளுக்கு ஏதும் ஆகிடாதா?

லாப் அக்கா:
நல்ல கேள்வி ரவி. அன்டிபொடி ஆதரவுக்கு பாக்கிறதுதான், ஆனா எங்கட மாதிரி இடத்துல சேத்துல கால் வைக்கிற கனக்க பேருக்கு வருத்தம் இல்லாமலே அன்டிபொடி இருக்கும், வருத்தம் கடுமையா இருக்கிற சிலருக்கு தொடக்கத்துல இருக்காது. அதால அதை மட்டும் வச்சு ஓம் எண்டும் சொல்லேலாது இல்ல எண்டும் சொல்லேலாது, கிருமியை வளத்துக் காட்டுறதுதான் ஆதாரம். 1911ல ரங்கூன்ல விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதன்முதல் இதைக் கண்டதும் பிரேத பரிசோதனையில கிடைச்ச கிருமியை வளத்துப் பாத்துத்தான். இலங்கையில 1927லயே ஒரு கேஸ் எழுதிட்டாங்க, அவ்வளவு பழசு. எங்கட ஆக்களுக்கு இந்தப் பேர் இன்னும் தெரியாம இருக்கிறதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு.

ராக்கடமை டொக்டர்:
நான் மெடிக்கல் வாட்டுல வேலை செய்றன், வேற மாவட்டம். ரவி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்றன். பேர் வரும் வரைக்கும் யாரும் கையக் கட்டிட்டு இருக்கிறதில்ல, சந்தேகம் பலமா இருந்தா செஃப்டாசிடிம் இல்லாட்டி மெரோபெனெம் தொடங்கிட்டு ரிப்போர்ட்டை பாப்பம். செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமிக்கு நல்ல மருந்தில்ல, பேர் ஒரே மாதிரி இருந்தாலும் செஃப்டாசிடிம் வேற. ஊசி குறைஞ்சது பத்து பதினாலு நாள், உள்ளுறுப்புல சீழ் இருந்தா நாலு கிழமை அளவும் போகும், பிறகு குறைஞ்சது மூண்டு மாசம் குளிசை. நேரத்துக்கு பிடிபடாத இடங்கள்ல நூத்துக்கு நாப்பது பேர் வரைக்கும் இறக்கிற வருத்தம், நேரத்துக்கு பிடிச்சு சரியான மருந்து குடுக்கிற வட அவுஸ்திரேலியாவுல அது பத்து அளவுக்கு இறங்கியிருக்கு. அதால லாப்புக்கு ஒரு கோல் எண்டது சின்ன விசயமில்ல. ஆனா தங்கச்சி, மருந்தை நீங்களா மாத்தச் சொல்லி சண்டை பிடிக்க வேணாம், இதைப் பாத்தீங்களா எண்டு கேட்டா போதும், நல்ல டொக்டர் யாரும் கோவிக்க மாட்டார்.

எலிக்காய்ச்சல் கிருமியும் உண்ணிக்காய்ச்சல் கிருமியும் சாதாரண கல்ச்சர் போத்தல்ல வளராது, அதுகளுக்கு வேற டெஸ்ட். அதால கல்ச்சர் நெகட்டிவ் எண்டு வந்தா கிருமியே இல்ல எண்டு நினைக்க வேணாம். உங்கட மாமாவுக்கு வளந்திருக்கு, அது எங்களுக்கு கிடைச்ச நல்ல சான்ஸ், விடாதீங்க.

தம்பலகாமத்துப் பிள்ளை:
அக்கா, டொக்டர், நானா, எல்லாருக்கும் கோடி நன்றி. இண்டைக்கு காலமை வாட் ரவுண்ட்ல பெரிய டொக்டர்ட்ட கேட்டன், கை நடுங்கினது ஆனா கேட்டன். அவர் மாமாட காலைப் பாத்தார், வரப்பு வெட்டேக்க பட்ட காயத் தழும்பு இருக்கு, அதைப் பத்தி ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கல நாங்களும் சொல்லல. உடன லாப்புக்கு எடுத்தார். நல்லகாலம் பிளேட்டை இன்னும் எறியல்ல. ஜென்டாமைசின் கொலிஸ்டின் ரெண்டுக்கும் அசையல்லயாம், கோ-அமொக்சிக்லாவுக்கு அடங்குதாம். அக்கா சொன்ன அதே மாதிரி. கொழும்புக்கு அனுப்ப பொதி பண்றாங்க, மெரோபெனெம் மத்தியானமே தொடங்கிட்டாங்க. மாமி ரத்தம் எடுக்க விட்டிட்டா.

ஒரு கேள்வி, வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கு, தொத்துமா?

லாப் அக்கா:
ஆளுக்கு ஆள் தொத்துறது மிக மிக அரிது, பிள்ளைகள் போய்ப் பாக்கலாம். சீழ் வாற புண்ணை மட்டும் வெறுங்கையால தொட வேணாம். மண்ணுலயும் தண்ணியிலயும் இருந்துதான் வாறது, புண்ணால போகும், கடும் மழை காத்து நேரம் மூச்சாலயும் போகும், குடிக்கிற தண்ணியாலயும் போகலாம். காயம் பட்டதை சொன்னது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா. கொழும்பு ரிப்போர்ட் வந்தவுடன இங்க போடுங்க, காத்திருக்கிறன்.

மூதூர் சித்தி:
இதை வாசிச்சிட்டு நித்திரை வரல. என்ட மனுசனுக்கும் சீனி, காலில ஆறாத புண், அடுத்த கிழமை உழவு தொடங்குது. நான் வயலுக்குப் போக வேணாம் எண்டு சொன்னா கேக்க மாட்டார், என்ன செய்றது?

ராக்கடமை டொக்டர்:
அக்கா, போகாம இருக்கேலாது எண்டு எனக்கும் தெரியும். புண்ணை தண்ணி போகாத மாதிரி வடிவா மூடி, முழங்கால் வரைக்கும் வாற பூட்ஸ் போட்டு அனுப்புங்க, வந்தவுடன சவுக்காரம் போட்டு கழுவ வையுங்க, கொதிக்க வச்ச தண்ணி குடுத்து விடுங்க. உழவுக்கு முந்தி கிளினிக்ல சீனியையும் புண்ணையும் ஒருக்கா காட்டுங்க. காய்ச்சல் வந்தா பெனடோல் போட்டுட்டு நாள் கடத்தாம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய், சீனி இருக்கு வயல்ல நிண்டவர் எண்டு வாயைத் திறந்து சொல்லி, முதல் அன்டிபயோட்டிக் ஊசி ஏத்த முந்தி ரத்தம் கல்ச்சருக்கு எடுப்பீங்களா எண்டு கேளுங்க.