புதுப்பிப்பு: வாலிபர் கூட்டமும் அக்காவின் ஆட்டோ காசும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடத்தும் அக்கா, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து வீடு போகிறார், யாரும் கண்டுகொள்வதில்லை என்று. "கமிட்டியில் பேசு" என்றீர்கள். பேசினேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ராத்திரிக் கூட்டம்?" என்றார் ஒரு பெரியவர். தென்னிந்தியத் திருச்சபை 2013-லேயே புஷ்பலலிதா அம்மாவை ஆந்திராவின் நந்தியாலுக்குப் பேராயராக (பிஷப்) ஆக்கிவிட்டது, நாம் இன்னும் ஆட்டோ காசில் நிற்கிறோம் என்றேன். கொஞ்சம் அதிகம்தான். நல்லவேளை, சிரித்துவிட்டார்கள்.

இப்போது கூட்டம் மாலை ஐந்துக்கு. ஜெராக்ஸ், டீ, ஆட்டோ எல்லாம் சபைக் கணக்கில். பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆன்ட்டி ஒருவர் அக்காவின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அது காணிக்கைப் பையின் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

மாத உதவித்தொகை மட்டும் இன்னும் "ஜெபிப்போம்" என்ற அளவில்தான் இருக்கிறது. அதை விடமாட்டேன். அக்காவோ, முதலில் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இரண்டு ஆள் கொடுங்கள் என்கிறார். சரி என்று பெயர் கொடுத்துவிட்டேன். சார்ட் அட்டை வெட்டும் வேலையாம்.