மீட்டர் கூடக் கூட பரிவர்த்தனை விழுகிறது: சோலார் விற்பனை மாதிரி, ஹைப்பர்லெட்ஜர் ஃபாப்ரிக்

உப்புவெளிக்கரை:
வணக்கம். திருகோணமலையில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்கிறோம். கூரையில் சோலார் உள்ள வீடுகள் மிச்ச கரண்டை அயலுக்கு விற்பதை பிளாக்செயினில் (பலர் பகிரும், பிறகு மாற்ற முடியாத கணக்கேடு, லெட்ஜர்) மாதிரியாக்குவதுதான் வேலை. உண்மையான மீட்டர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நிரல் ஒவ்வொரு வீட்டின் அளவையும் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. பாவிப்பது ஹைப்பர்லெட்ஜர் ஃபாப்ரிக் 2.5 (அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயின்), பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்த ராஃப்ட், தரவுத்தளமாக கவுச்டிபி.

நாலைந்து வீடு வரை ஒழுங்காக ஓடுகிறது. வீடுகளைக் கூட்டினால் பாதிக்கு மேல் 'எம்விசிசி ரீட் கான்ஃப்ளிக்ட்' (வாசித்த தரவு இடையில் மாறிவிட்டது) என்று விழுகிறது. பியர்களை (லெட்ஜரின் பிரதியை வைத்திருக்கும் கணினிகள்) கூட்டினோம், பேட்ச் டைம்அவுட்டை (ஒரு பிளாக்கை மூடக் காத்திருக்கும் நேரம்) குறைத்தோம், பலனில்லை. செயின்கோடில் (ஃபாப்ரிக்கில் ஓடும் எங்கள் விதிகளின் நிரல்) 'சந்தை' என்ற ஒரே கீயில் (தரவைச் சேமிக்கும் பெயர்) மொத்த உபரியை வாசித்து, கூட்டி, திரும்ப எழுதுகிறோம். யாரும் சேரக்கூடிய பொதுப் பிளாக்செயினான எதீரியத்துக்கு மாறினால் சரியாகுமா?

கிண்ணியாக்காரன்:
தம்பி, மாறத் தேவையில்லை. சிக்கல் அந்த ஒரே கீயில்தான். ஃபாப்ரிக் முதலில் செயின்கோடை ஓட்டிப் பார்க்கும், வாசித்த கீயின் பதிப்பைக் குறித்துக்கொள்ளும். பிளாக்கை ஏற்கும்போது அந்தப் பதிப்பு மாறியிருந்தால் பரிவர்த்தனை செல்லாது. அதனால் ஒரு பிளாக்குக்குள் 'சந்தை'யைத் தொட்ட பரிவர்த்தனைகளில் ஒன்றுதான் தப்பும். பியரைக் கூட்டினாலும் அதே கதவு, அதே வரிசை.

வாசிப்பையே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அளவையும் காலஇடைவெளி, மீட்டர், பரிவர்த்தனை எண் சேர்ந்த கூட்டுக் கீயில் புதிதாக எழுதுங்கள். கூட்டுவது பிறகு. ஃபாப்ரிக்கின் மாதிரி நிரல்களில் 'ஹை த்ரூபுட்' என்று ஒன்று இருக்கிறது, அதே உத்திதான்.

நிலாவெளி அக்கா:
கிண்ணியாக்காரன் சொன்னது சரி. ஆனால் அடுத்த குழியையும் சொல்லிவிடுகிறேன். கூட்டும்போது அந்தக் கீகளை வரிசையாக வாசிப்பீர்கள். அந்த நேரம் புதிய அளவு ஒன்று உள்ளே வந்தால் 'ஃபாண்டம் ரீட்' முரணில் விழும். அதனால் முடிந்துபோன 15 நிமிட இடைவெளியை மட்டும் கணக்கு முடியுங்கள். பிந்தி வருவது அடுத்ததில் சேரட்டும். கவுச்டிபியின் ரிச் குவெரியை (உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவது) கணக்குக்குப் பாவிக்காதீர்கள், அதன் முடிவை ஃபாப்ரிக் ஏற்கும்போது திரும்பச் சரிபார்ப்பதில்லை. காசு விடயத்தில் அது ஆபத்து.

இன்னும் நல்லது: சில விநாடி அளவுகளைச் சங்கிலிக்கு வெளியே சேமித்து, இடைவெளிக்கு ஒரு ஹாஷும் (அந்தத் தரவின் கைரேகை போன்ற குறியீடு) நிகர யூனிட்டும் மட்டும் எழுதுவது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தேவை அந்த நிகரமும் மாற்ற முடியாத ஆதாரமுமே.

எதீரியம் பற்றி: 2022 செப்டெம்பரில் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு (நாணயத்தைப் பணயம் வைத்தவர்கள் சரிபார்க்கும் முறை) மாறிய பிறகு மின்செலவு மிகக் குறைந்துவிட்டது. ஆனால் அடுக்குச் சங்கிலி (அதன் மேல் ஓடும் மலிவான இரண்டாம் சங்கிலி) இல்லாமல் ஒவ்வொரு அளவுக்கும் கட்டணம் கட்டுவது சரிவராது. 2019 இல் தொடங்கிய எனர்ஜி வெப் செயின், அனுமதி பெற்ற சரிபார்ப்பாளர்களை வைத்து நடந்ததற்கும் இந்தச் செலவும் வேகமும் ஒரு காரணம்.

உப்புவெளிக்கரை:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. கூட்டுக் கீக்கு மாற்றியதும் முரண் நின்றுவிட்டது. இன்னொன்று: எங்கள் மாதிரியில் வீட்டுக்கு வீடு நேரே விற்கிறது. இலங்கையில் அது பொருந்துமா?

நிலாவெளி அக்கா:
இப்போதைக்கு நேரே இல்லை. 2016 இல் வந்த கூரை சோலார் திட்டமான சூரியபல சங்கிராமத்தின் நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் மூன்றிலும் மறுபக்கம் மின்விநியோக நிறுவனமே. அறிக்கையில் இதை எழுதுங்கள், விற்பனையை அவர்களின் மின்பட்டியலுக்கு மேலான ஒரு கணக்காகக் காட்டுங்கள். கரண்ட் எப்படியும் கம்பி வழியே பக்கத்துச் சுமைக்குத்தான் போகும். லெட்ஜர் அதைத் திருப்பாது.

மாதிரியில் ஒரு நிபந்தனையும் வையுங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், பகலில் கூரை சோலாரை நிறுத்தும்படி உரிமையாளர்களைக் கேட்டார்கள். அப்படி வந்தால் அந்த இடைவெளியில் ஏற்றுமதி பூச்சியம் என்று செயின்கோடே ஏற்க வேண்டும், இல்லையென்றால் இல்லாத யூனிட்டை விற்றதாகப் பதியும்.

கிண்ணியாக்காரன்:
அந்த நிபந்தனையை மீட்டர் சொல்லக் கூடாது தம்பி, மின்வலையமைப்பை நடத்துபவரின் கையொப்பத்தோடு வர வேண்டும். எண்டோர்ஸ்மெண்ட் பாலிசியில் (யார் ஒப்பினால் பரிவர்த்தனை செல்லும் என்ற விதி) அவரையும் கட்டாயமாக்குங்கள்.