'நைஸ்' உங்களை எங்கே மாட்டிவிட்டது?

கருப்பட்டி: மொழிபெயர்ப்பு வேலை எனக்கு. ஒரு சட்டக் கட்டுரையில் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இருந்தது. 'அருமையான வேறுபாடு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த தாளில் 'அருமையான' மீது சிவப்பு வட்டம். ஓரத்தில் ஒரே சொல்: 'நுண்ணிய'. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

கடைசி பெஞ்ச்: உங்களுக்கு வட்டத்தோடு போயிற்று. கல்லூரியில் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் பாடம். ஒரு வரியில் வந்த 'நைஸ்' என்றால் என்ன என்று சார் கேட்டார். 'நல்ல' என்றேன். "உட்காருப்பா, நீயும் நைஸ்தான்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்! அப்புறம்தான் விளக்கினார். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் மடையன். பிறகு எதிலும் நொட்டை சொல்பவன், 16ஆம் நூற்றாண்டில் நுட்பம். இனிமை என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான். வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மழைக்கோட்டு: மடையன் கதையை நான் நம்பவில்லை. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி இந்தச் சொல்லைக் கேலி செய்யும் இடம் இருக்கிறதே. முதலில் நேர்த்திக்கும் நாசூக்குக்கும்தான் இது இருந்திருக்கும் என்கிறான்.

கடைசி பெஞ்ச்: 'இருந்திருக்கும்' என்றுதானே சொல்கிறான்? நாவல் வந்தது 1817 கடைசியில். சாசர் அதற்கு நானூறு வருடம் முந்தியவர். டில்னி கதாநாயகன், அகராதி இல்லை.

அம்மிக்கல்: மாவு மில்லில் "நைசா அரைங்க" என்று நான் சொன்னதற்கு, ஊரிலிருந்து வந்திருந்த பேரன் "நல்லா அரைங்கன்னு சொல்லு பாட்டி" என்று திருத்தினான். அவ்வளவுதான் என் கதை. ஆனால் கருப்பட்டி தம்பி, ஒன்று சொல்கிறேன். மாவு என்றால் நைஸ் பொடிசு. "நைசா நழுவிட்டான்" என்றால் கமுக்கமாக. "நைசா பேசி கடன் வாங்கிட்டான்" என்றால் அந்த ஆளிடம் ஜாக்கிரதை. ஆகவே பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பெரிய அகராதியாகப் பாருங்கள், கைபேசியில் வருவது போதாது. முதலில் போட்டிருக்கும் பொருளோடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். எழுதியதை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பார்த்து அனுப்புங்கள்.

கருப்பட்டி: அம்மா, பெரிய அகராதி என் மேசையில்தான் இருந்தது. அதன் மேல்தான் காபி டம்ளரை வைத்திருந்தேன்.